ஊறவைத்தே ஊசிப்போகும் சண்டைகள்: வளரும் குத்துச்சண்டை வீரர்கள் ஏன் மோதிக்கொள்வதில்லை?

அமெரிக்காவின் டெவின் ஹேனியும் ரையன் கார்சியாவும் ஒரே ஆண்டில், 1998இல் பிறந்தவர்கள். அமெச்சூர் குத்துச்சண்டையில் சிறுவர்களாக இருந்தபோதே இருவரும் 6 முறை மோதினார்கள். ஆளுக்கு 3 வெற்றி. ஹேனி 2015 இறுதியிலும், கார்சியா 2016 நடுவிலும் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குள் நுழைந்தார்கள். ஏறக்குறைய ஒரே எடைப் பிரிவு. அப்படியிருந்தும் 7வது மோதல் நடப்பதற்கு 2024 ஏப்ரல் 20 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காசு வாங்காத வயதில் 6 முறை மோதியவர்கள், காசு வாங்கத் தொடங்கிய பின் ஏறக்குறைய 8 ஆண்டுகள் ஒருவர்முன் ஒருவர் நிற்கவே இல்லை.

இது இந்த இருவரின் கதை மட்டுமல்ல. திறமையுள்ள இரண்டு இளைஞர்கள் ஒரே எடையில் வளர்ந்து வந்தால், அவர்களை மோதவிடாமல் பார்த்துக்கொள்வது தொழில்முறைக் குத்துச்சண்டையில் எழுதப்படாத விதி.

ஒட்டுக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால், "பயந்துட்டான்" என்பதுதான் முதலில் வரும் பதில். 'சார்பட்டா பரம்பரை' படம் 2021இல் வந்த பிறகு இந்தப் பேச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது. அந்தப் படத்தில் வரும் வடசென்னையில் வாத்தியார் சவால் விட்டால் சீடன் மேடை ஏறியாக வேண்டும். பரம்பரை மானம் அதில் இருக்கிறது. அந்தக் கண்ணோடு லாஸ் வேகஸைப் பார்த்தால் எல்லாரும் கோழைகளாகத்தான் தெரிவார்கள். ஆனால் தினமும் பயிற்சியில் முகத்தில் குத்து வாங்கும் ஒருவன், இன்னொருவனைக் கண்டு பயந்து 8 ஆண்டு ஒதுங்குகிறான் என்பது எனக்கு நம்பும்படியாக இல்லை. இங்கே வேலை செய்வது கணக்கு. அந்தக் கணக்கைப் போடுபவர்கள் பெரும்பாலும் மேடைக்கு வெளியே இருக்கிறார்கள்.

நமக்குப் பழக்கமான பூப்பந்தோடு ஒப்பிட்டால் விஷயம் சீக்கிரம் புரியும். டத்தோ லீ சோங் வெய்யும் சீனாவின் லின் டானும் 40 முறை மோதினார்கள். லின் டான் 28 முறை வென்றார், லீ 12 முறை. ஒலிம்பிக்கில் மட்டும் 3 முறை சந்தித்தார்கள். இவர்களில் யாரும் மற்றவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். ஆட்ட அட்டவணை அவர்களை நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்தியது. அமெச்சூர் குத்துச்சண்டையும் அப்படித்தான். சுக்மாவாக இருந்தாலும் ஒலிம்பிக்காக இருந்தாலும் குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவரோடு மோத வேண்டும். ஹேனியும் கார்சியாவும் 6 முறை சந்தித்தது அந்த ஏற்பாட்டில்தான்.

தொழில்முறைக்கு வந்தவுடன் குலுக்கல் போய்விடுகிறது. லீக் கிடையாது, பருவம் கிடையாது, தரவரிசைப்படி மோத வேண்டும் என்ற கட்டாயமும் அநேகமாகக் கிடையாது. ஒவ்வொரு சண்டையும் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திடும் தனி ஒப்பந்தம். உலகப் பட்டமும் ஒன்றல்ல; டபள்யூபிஏ, டபள்யூபிசி, ஐபிஎஃப், டபள்யூபிஓ என்று 4 அமைப்புகள் ஒவ்வொரு எடைக்கும் தனித்தனிப் பட்டம் வைத்திருக்கின்றன. ஆகவே ஒரே எடையில் இருக்கும் இரண்டு கெட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் தொடாமலே இருவரும் 'உலக வெற்றியாளர்' ஆகிவிடலாம்.

வளரும் வீரருக்கு எதிராளியைத் தேடிப்பிடிப்பதே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் 4 சுற்றுச் சண்டைகள், பிறகு 6, 8, 10 என்று போகும். ஒருமுறை இடதுகைக்காரர், அடுத்த முறை உயரமானவர், அதற்கடுத்து கட்டிப்பிடித்தே நேரம் கடத்தும் அனுபவசாலி என்று பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள். இதில் நியாயம் உண்டு. 19 வயதுப் பையன் ஒவ்வொரு பாடமாகத்தான் படிக்க முடியும்.

அந்தப் பாடத்தை நடத்தும் எதிராளிகள் யார்? இங்கிலாந்தின் பீட்டர் பக்லியைச் சொல்லலாம். 2008இல் ஓய்வு பெற்றபோது அவர் 300 சண்டைகள் போட்டிருந்தார்: 32 வெற்றி, 256 தோல்வி, 12 சமன். கேலி செய்யத் தோன்றும் கணக்கு. ஆனால் அவர் தொழில் தெரிந்தவர். அடிபடாமல் தற்காத்துக்கொண்டு, எதிரில் நிற்கும் இளைஞனுக்கு நாலு விஷயம் காட்டிக்கொடுத்து, கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அங்கே சிறிய அரங்குகளில் சண்டை நடந்தால் உள்ளூர் இளைஞன்தான் தன் நண்பர்களிடமும் சொந்தக்காரர்களிடமும் டிக்கெட் விற்க வேண்டும். அந்தக் காசில்தான் வெளியூரிலிருந்து வரும் எதிராளிக்கும் சம்பளம். அந்த இளைஞன் தோற்றுவிட்டால் அடுத்த முறை டிக்கெட் விற்பது கஷ்டம். டிக்கெட் விற்கக்கூடிய இரண்டு இளைஞர்களை மோதவிட்டு அதில் ஒருவரை இழக்க எந்த ஏற்பாட்டாளர் முன்வருவார்?

சின்ன அரங்கில் இருக்கும் இந்தக் கணக்கேதான் பெரிய மேடையிலும். தோல்வி என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தால் அந்த வீரருக்குத் தனி விலை. ஃபிளாய்ட் மேவெதர் 50 சண்டைகளில் 50 வெற்றியோடு முடித்த பிறகு அந்தப் பூஜ்யத்தின் மவுசு இன்னும் ஏறியது. வளரும் வீரர் ஒருவர் தமக்குச் சமமான இன்னொருவரோடு இன்று மோதினால் கிடைப்பது சிறிய தொகை. இருவரும் பெயரெடுத்த பின் அதே சண்டைக்குப் பல மடங்கு கிடைக்கும். வென்றால் லாபத்தில் ஏற்பாட்டாளர், தொலைக்காட்சி, நிர்வாகி எல்லாருக்கும் பங்கு உண்டு. தோற்றால் அந்தத் தோல்வி வீரரின் பெயரில் மட்டும் எழுதப்படும். இப்படிப்பட்ட பேரத்தில் 'இப்போது வேண்டாம்' என்று சொல்பவரைக் கோழை என்று எப்படிச் சொல்வது?

முன்பு இப்படி இல்லை. 1943 பிப்ரவரி 5ஆம் தேதி, தொழில்முறையில் அதுவரை தோற்றிராத சுகர் ரே ராபின்சன் ஜேக் லமோட்டாவிடம் தோற்றார். அதே மாதம் 19ஆம் தேதி வேறொருவரோடு மோதி வென்றார். 26ஆம் தேதி மீண்டும் லமோட்டாவோடு மோதிப் பழி தீர்த்தார். எல்லாம் ஒரே மாதத்தில். இருவரும் மொத்தம் 6 முறை மோதி, 5 முறை ராபின்சன் வென்றார். அவ்வளவு அடிக்கடி சண்டை போட்டவருக்கு ஒரு தோல்வி பெரிய விஷயமில்லை. இன்று முன்னணி வீரர்கள் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ சண்டைதான் போடுகிறார்கள். ஒரு தோல்வியைக் கழுவ ஓர் ஆண்டு ஆகிவிடுகிறது. (அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தனை அடி வாங்கிய அந்தத் தலைமுறையில் பலரின் முதுமைக் காலம் எப்படிக் கழிந்தது என்பதும் தெரிந்ததுதான்.)

பெரிய சண்டையைத் தள்ளிப்போட்டு விலை ஏற்றுவதற்கு அமெரிக்க ஏற்பாட்டாளர்கள் சமையல்கட்டுச் சொல் ஒன்றை வைத்திருக்கிறார்கள்: ஊறவைப்பது. இறைச்சியை மசாலாவில் ஊறவைப்பது போலச் சண்டையையும் ஊறவைத்தால் சுவை கூடுமாம். இந்தச் சொல் பிரபலமானதே 2010இல் பாப் ஆரம் தம்முடைய இரண்டு வீரர்களை ஊறவைத்தபோதுதான். போர்ட்டோ ரிக்கோவின் ஹுவான் மானுவேல் லோபஸ், கியூபாவிலிருந்து வந்த யூரியோர்கிஸ் கம்போவா. இருவரும் தோல்வி காணாதவர்கள், ஒரே எடை, இருவருக்கும் ஆரம்தான் ஏற்பாட்டாளர். வேறு நிறுவனம், வேறு தொலைக்காட்சி என்ற சாக்குக்கே இடமில்லை. 2010 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரே இரவில், ஒரே மேடையில், வேறு வேறு ஆட்களோடு மோதி இருவரும் வென்றார்கள். ரசிகர்கள் அடுத்தது இதுதான் என்று காத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்றார் ஆரம்.

2011 ஏப்ரலில் லோபஸ் தம் சொந்த மண்ணிலேயே மெக்சிகோவின் ஒர்லாண்டோ சாலிடோவிடம் 8வது சுற்றில் தோற்றார். லோபஸ்–கம்போவா சண்டை கடைசிவரை நடக்கவே இல்லை. ஊறவைத்தது ஊசிப்போய்விட்டது.

அந்த சாலிடோ யார் என்பதையும் பார்க்க வேண்டும். 15 வயதில் தொழில்முறைக்கு வந்தவர். யாரும் பொத்திப் பாதுகாக்காமல், கிடைத்தவரோடெல்லாம் மோதி, தோற்றுத் தோற்றுத் தொழில் கற்றவர். லோபஸை வீழ்த்தியபோது அவர் கணக்கில் 11 தோல்விகள் இருந்தன. 3 ஆண்டுகள் கழித்து, இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்று வந்த வாசில் லோமசென்கோ தம் 2வது தொழில்முறைச் சண்டையிலேயே உலகப் பட்டத்துக்கு ஆசைப்பட்டபோது, அவரையும் தோற்கடித்தது இதே சாலிடோதான்.

தோற்ற லோமசென்கோ ஒளிந்துகொள்ளவில்லை. 3 மாதம் கழித்து, 24 சண்டையில் 24 வெற்றி பெற்றிருந்த கேரி ரசல் ஜூனியரோடு மோதினார். ஒரு வெற்றி, ஒரு தோல்வி என்றிருந்தவர், பார்த்துப் பார்த்து வளர்க்கப்பட்ட 24 வெற்றிக்காரரை வென்று உலக வெற்றியாளரானார். ரசலும் அத்தோடு முடிந்துபோகவில்லை. அடுத்த ஆண்டே வேறொரு உலகப் பட்டத்தை வென்று பல ஆண்டுகள் வைத்திருந்தார்.

ஹேனி–கார்சியா கதையிலும் பின்னர் இதே ஊசிப்போதல் நடந்தது. 2024 மோதலில் கார்சியா எடை கூடி வந்தார், ஹேனியை 3 முறை தரையில் சாய்த்து வென்றார். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால் அந்த வெற்றி பின்னர் ரத்தானது. மறுமோதலுக்கு விலை ஏற்றும் திட்டத்தோடு 2025 மே 2ஆம் தேதி நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் இருவரையும் வேறு வேறு எதிராளிகளோடு ஒரே இரவில் இறக்கினார்கள். ஹேனி வென்றார். கார்சியா, ரோலி ரொமேரோவிடம் தோற்றார். போட்ட திட்டம் அன்றிரவே கலைந்தது.

மேவெதர்–பக்கியாவ் விஷயம் எல்லாருக்கும் தெரியும். 2010 மார்ச்சில் நடக்க வேண்டியது, 2015 மே மாதம்தான் நடந்தது. அப்போது ஒருவருக்கு 38 வயது, இன்னொருவருக்கு 36. காசு கொட்டியது, சண்டை சப்பென்று போனது. டெரன்ஸ் கிராஃபர்டும் எரல் ஸ்பென்சும் 2018 முதல் ஒரே எடையில் உலக வெற்றியாளர்களாக இருந்து, 2023 ஜூலையில்தான் மோதினார்கள். இடையில் ஸ்பென்சுக்குக் கார் விபத்து, கண்ணில் காயம். கிராஃபர்ட் அவரை 3 முறை சாய்த்து 9வது சுற்றில் முடித்துவைத்தார். நல்ல வயதில் நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

வேறு வழியே இல்லையா? ஜப்பானில் இருக்கிறது. அங்கே தொடக்கநிலைத் தொழில்முறை வீரர்களுக்கென்றே ஆண்டுதோறும் 'புதுமுக மன்னர்' போட்டி நடக்கிறது. தோற்றால் வெளியேற வேண்டிய போட்டி. கிழக்கிலும் மேற்கிலும் தனித்தனியாக நடந்து கடைசியில் இரு தரப்பு வெற்றியாளர்களும் மோதுவார்கள். தேசியப் பட்டம் வைத்திருப்பவரும் முதல்நிலைச் சவாலரைத் தவிர்த்துக்கொண்டே இருக்க முடியாது. அந்தச் சூழலில்தான் 2013 ஆகஸ்டில், 20 வயது நவோயா இனோவே தம் 4வது தொழில்முறைச் சண்டையிலேயே தேசிய வெற்றியாளர் ரியோய்ச்சி தகுச்சியோடு மோதினார். 10 சுற்றும் நடந்தது, இனோவே வென்றார். இன்று உலகின் தலைசிறந்த வீரர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லாமல் இருப்பதில்லை. தோற்ற தகுச்சி? 2014 டிசம்பரில் உலகப் பட்டம் வென்று அதை 7 முறை தற்காத்தார். சீக்கிரம் மோதியதால் இருவரில் யாரும் கெட்டுப்போகவில்லை.

2018 ஜூலையில் புக்கிட் ஜாலிலில் லூக்காஸ் மத்தீசேவை 7வது சுற்றில் வீழ்த்திய மேனி பக்கியாவைப் பார்க்க நம்மவர்களும் போயிருந்தார்கள். அவர் 17 வயதில் ஒருமுறை, 20 வயதில் தாய்லாந்தில் ஒருமுறை என இரண்டு முறை நாக் அவுட் ஆனவர். ஆனாலும் மொத்தம் 8 எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றார். பூஜ்யத்தைக் கட்டிக்காக்கும் கணக்கின்படி அவரை 20 வயதிலேயே மூட்டை கட்டி அனுப்பியிருக்க வேண்டும்.

என் கருத்து இதுதான். 5 சண்டை போட்ட இரண்டு பையன்களைச் சொற்பக் காசுக்கு மண்டையை உடைத்துக்கொள்ளச் சொல்வது சரியில்லை. மூளை தாங்கும் அடிக்கு ஓர் அளவு உண்டு. ஆனால் 10 சுற்றுக்கு வந்துவிட்ட பிறகும் தள்ளிப்போடுவது பாதுகாப்பு இல்லை, வியாபாரம். கடந்த சில ஆண்டுகளாக சவூதி அரேபியா பணத்தை இறக்கி, பேசிக்கொள்ளாத ஏற்பாட்டாளர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்திருக்கிறது. அதனால் சில நல்ல சண்டைகள் நடந்தன. ஆனால் அதுவும் ஏற்கெனவே பெயரெடுத்தவர்களுக்குத்தான். 20 வயதுக்காரர்களின் கணக்கு அப்படியே இருக்கிறது.

நம் பிள்ளைகளிலும் முவாய் தாய், குத்துச்சண்டை என்று பயிற்சிக் கூடங்களுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அமெச்சூர் பதக்கம் வாங்கிய பையனிடம் தொழில்முறைக்கு வா என்று யாராவது ஒப்பந்தத்தை நீட்டினால், பெற்றோர் முதலில் பார்ப்பது சம்பளத்தை. அதோடு இன்னும் சிலவற்றையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு? தோற்றால் ஏற்பாட்டாளர் மட்டும் விலகிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறதா? மூளை ஸ்கேன் செலவு யாருடையது? எதிராளியைத் தேர்ந்தெடுக்கும்போது பயிற்றுநருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறதா? பையனைப் பொத்தி வளர்க்கப் போகிறார்களா, அல்லது இன்னொருவனை வளர்ப்பதற்கான எதிராளியாக அனுப்பப் போகிறார்களா என்பது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலிலேயே தெரிந்துவிடும்.