நடந்தால் மட்டும் போதுமா?

சென்ற ஆண்டு என் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தார். வயது எழுபத்தொன்று. இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. எங்கள் குடும்பத்தில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. பதினைந்து ஆண்டுகளாக நாள் தவறாமல் நாற்பது நிமிடம் நடைப்பயிற்சி செய்தவர் அவர். உடற்பயிற்சி என்றால் எங்களுக்கு அவர்தான் முன்னுதாரணம்.

சிகிச்சைக்குப் பிறகு பயிற்சி அளிக்க வந்த இயன்முறை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி இது: "விழுவதற்கு முன்பு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவீர்களா?" அக்கா சற்று யோசித்துவிட்டு, "இல்லை. நாலைந்து வருஷமாகவே கைப்பிடியைப் பிடித்துத்தான் எழுகிறேன்" என்றார். நாள்தோறும் நடந்த கால்களுக்கு எழுந்து நிற்கும் வலு குறைந்துகொண்டே வந்ததை எங்களில் ஒருவரும் கவனித்திருக்கவில்லை.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உடற்பயிற்சி குறித்து அரசும் சந்தையும் நாமும் வைத்திருக்கும் எண்ணங்களில் எங்கோ ஒரு பெரிய விடுபடல் இருக்கிறது என்று தோன்றியது.

நாட்டின் நிலைமை கவலைக்குரியது என்பதில் ஐயமில்லை. இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்று, உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்று 2024-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது.

இதற்கு அரசுகள் முன்வைக்கும் முதன்மையான விடை, நடை. தமிழக அரசு 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கி, 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளப்படுத்தியது. நல்ல திட்டம்தான். எட்டு கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ பத்தாயிரம் அடிகள். ஆனால், இந்தப் பத்தாயிரம் என்ற எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் எழுந்த உடல்நல ஆர்வத்தில், அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயர் அது. அமெரிக்காவில் மூத்த பெண்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 4,400 அடிகள் நடந்தோரிடையேயே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. ஆக, பத்தாயிரத்தை எட்டவில்லையே என்று யாரும் மனம் தளர வேண்டியதில்லை. அதை எட்டிவிட்டதாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று நிறைவடையவும் வேண்டியதில்லை.

ஏனெனில், உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலுக்கு மற்றொரு பகுதியும் உண்டு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் என்பது பலரும் அறிந்த முதல் பகுதி. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள், உடலின் முக்கியத் தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி என்பது அடுத்தது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் சேர்த்து வாரத்தில் மூன்று நாள் என்று அது பரிந்துரைக்கிறது. என் அக்காவுக்கு இதை யாரும் சொன்னதில்லை. எனக்கும்தான்.

தசை என்பது அழகுக்கானது, இளைஞர்களுக்கானது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. உண்மையில், உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்வது தசைதான். நீரிழிவு இவ்வளவு பரவிய நாட்டில் இது சிறிய செய்தியல்ல. வயதானால் வலு திரும்பாது என்பதும் சரியல்ல. அமெரிக்காவில் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பத்து பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி அளித்த ஆய்வு 1990-இல் வெளியானது. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் எங்கள் பகுதி மாநகராட்சிப் பூங்காவின் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளை மீண்டும் பார்த்தேன். காற்றில் நடப்பதுபோல் கால் வீசும் கருவி, இடுப்பைத் திருப்பும் வட்டு, கைச்சக்கரம். பெரும்பாலானவற்றில் தசைக்குச் சுமையே இல்லை. நெஞ்சால் தள்ளும் கருவியில் சுமை உண்டு. ஆனால் அதைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. வலுவூட்டும் பயிற்சியின் அடிப்படை விதி ஒன்றுதான்: உடல் பழகப் பழகச் சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். அந்த ஒன்றுக்குத்தான் அங்கே இடமில்லை. இந்தக் கருவி எதற்கு, எத்தனை முறை, யார் தவிர்க்க வேண்டும் என்று சொல்ல ஆளும் இல்லை. குழந்தைகள் அவற்றில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நானும் ஒரு டிரெட்மில் வாங்கினேன். இயந்திரத்தின் குதிரைத்திறனைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அது சில நொடிகள் மட்டும் எட்டும் உச்சத் திறன், தொடர்ந்து இயங்கும் திறன் அதைவிடக் குறைவு என்பது பின்னர்தான் தெரிந்தது. இன்று அதன்மேல் துண்டு காய்கிறது. என் தவறு மலிவானதை வாங்கியது அன்று. எனக்கு என்ன பயிற்சி தேவை என்று கேட்பதற்கு முன்பே கருவியைத் தேர்ந்தெடுத்ததுதான். தெருவில் இறங்கினால் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைப் பெரும் பணம் கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்தேன். எனக்கு உண்மையில் தேவைப்பட்டதோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் பட்டையும் உறுதியான ஒரு நாற்காலியும்.

நம் முன்னோருக்கு இது புரிந்திருந்தது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் வலுவூட்டும் பயிற்சிகளே. வலு கூடக் கூட, கனமான கட்டைக்கு மாறுவதும் சுமையைப் படிப்படியாகக் கூட்டும் முறைதான். ஆனால் அந்தப் பயிற்சிக் களங்களில் பெண்களுக்குப் பெரும்பாலும் இடமிருந்ததில்லை. இன்றைய உடற்பயிற்சிக் கூடங்களின் கட்டணமோ பலருக்கு எட்டாதது. 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பதால் அந்தக் குறைப்பு முழுவதும் கட்டணத்தில் எதிரொலிக்கும் என்று சொல்ல முடியாது. கட்டணம் குறைந்தாலும், மாலையில் சமையலறையை விட்டு வெளியே வர முடியாத பெண்ணுக்கு அதனால் பயனில்லை. 57 சதவீதம் என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது சோம்பல் அல்ல. நேரமும் இடமும் மறுக்கப்பட்ட வாழ்க்கை.

எனவே, அரசு செய்ய வேண்டியவை சில உண்டு. பூங்காக்களுக்குக் கருவி வாங்கும்போது எண்ணிக்கையைப் பார்க்காமல் பயனைப் பார்க்க வேண்டும். வெவ்வேறு உயரத்தில் சில கம்பிகள், சாய்ந்து தள்ள ஒரு திண்டு, பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க ஒரு கைப்பிடி ஆகியவை சுழலும் கருவிகளைவிட எளியவை, பழுதாவதும் குறைவு. வாரத்தில் இரண்டு நாளாவது பயிற்றுநர் ஒருவர் வர வேண்டும். பெண்களுக்கென நேரமும் வெளிச்சமும் வேண்டும். வீடு தேடி மருந்து கொண்டுசெல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்ற கேள்வியையும் கேட்கலாம். அதற்குச் செலவேதும் இல்லை.

நாமும் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் தேவை, பிறகு பயிற்சி, கடைசியில் கருவி. நடப்பவர்கள் நடையை விட வேண்டாம். அத்துடன் வாரத்தில் இரண்டு நாள் வலுவுக்கென ஒதுக்கினால் போதும். இதய நோயோ மூட்டுத் தேய்மானமோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குவது நல்லது.

அக்கா இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். தினமும் காலையில் சாப்பாட்டு மேசை நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்கிறார். முதல் வாரத்தில் இரண்டு முறைகூட முடியவில்லை. சென்ற மாதம் முதன்முறையாகக் கையை ஊன்றாமல் எழுந்தார். "இதை அறுபது வயசிலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, நானும் கையை ஊன்றாமல் எழுந்து பார்த்தேன். நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது.