ஒரே மீட்டர், மூன்று அடுப்பு

வாடகை வீட்டுச் சகோதரிகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வயிற்றைக் கலக்கும் நாள் ஒன்று உண்டு. கரண்ட் பில் வரும் நாள்தான்!

ஆம்பூரில் நாங்கள் இருக்கும் வீட்டில் கீழே வீட்டுக்காரர், மாடியில் நாங்களும் இன்னொரு குடித்தனமும். மீட்டர் ஒன்றே ஒன்று. பக்கத்துப் போர்ஷனில் புருஷன், பெண்டாட்டி இருவரும் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். விடிந்தால் பூட்டு, இருட்டினால்தான் விளக்கு.

2023 மே மாதம். என் பெரிய பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு நாற்பது நாள்கூட ஆகவில்லை. பில் 760 யூனிட், 4,190 ரூபாய். "மூணா வகுத்து ஆளுக்கு ஆயிரத்து நானூறு குடுத்துடுங்க" என்றார் வீட்டுக்காரர். "உங்க வீட்டு ஏசிக்கு நாங்க ஏன் சார் கட்டணும்?" என்று என் கணவர் கேட்க, வார்த்தை தடித்துவிட்டது. "இஷ்டமில்லேன்னா ஃபியூஸைப் பிடுங்கிடறேன்!" என்று சொல்லிவிட்டார். வேலூர்ப் பக்கத்து மே வெயிலில், பச்சைக் குழந்தையுள்ள வீட்டில்!

அப்படிப் பிடுங்க அவருக்கு உரிமை கிடையாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவருக்குத் தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. ஆனால் சட்டம் பேசிவிட்டு மறுநாள் அதே வாசலில்தானே கோலம் போட வேண்டும்? பணத்தை முதலில் கட்டச் சொன்னேன். கட்டிவிட்டுக் கேட்டால் கேள்விக்கு மரியாதை உண்டு.

மறுநாள் மொட்டை மாடியில் வடாம் பிழியும்போது வீட்டுக்காரம்மாவிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். "அக்கா, 2022 செப்டம்பரில் கட்டணத்தை உயர்த்தினார்களே, அதில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டாவிட்டால் அடுத்த 100-க்கு யூனிட் இரண்டேகால் ரூபாய்தான். தாண்டிவிட்டால் அதுவே நாலரை. அப்புறம் ஆறு, எட்டு, 600-க்கு மேல் ஒன்பது. மூன்று வீடும் ஒரே மீட்டரில் ஓடுவதால் நீங்களும்தான் நஷ்டப்படுகிறீர்கள்" என்றேன். 'நீங்களும்' என்ற சொல்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

முதலில் மாடிப் போர்ஷன் இரண்டுக்கும் சப் மீட்டர் மாட்டினோம். மோட்டாருக்குத் தனிக் கணக்கு. தோல் பதனிடும் கழிவால் எங்கள் பக்கத்து நிலத்தடி நீர் கெட்டுப்போனதும், உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய் 1996-ல் தீர்ப்பு வந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போர் தண்ணீர் துவைக்கக் கழுவத்தான். குடிநீருக்குத் தனித் தொட்டி. இரண்டையும் மேலே ஏற்ற வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய முக்கால் யூனிட். தினம் ஒன்றரை மணி என்றால் இரண்டு மாதத்துக்கு 67 யூனிட் போல. அதை மூன்றாக வகுத்துக்கொண்டோம்.

அடுத்த பில் 720 யூனிட், 3,830 ரூபாய். எங்கள் போர்ஷன் 150 யூனிட்டும் மோட்டார் பங்கும் சேர்த்து 915 ரூபாய் கட்டினோம். மூன்றாக வகுத்திருந்தால் 1,277! குழந்தைத் துணிக்காக வாஷிங் மெஷின் ஓடியது எங்கள் செலவு, அதை மறைக்கவில்லை.

வீட்டுக்காரர்தான் பிறகு பென்சிலை வாங்கிக் கணக்குப் போட்டார். அதே 150 யூனிட் தனி மீட்டரில் ஓடியிருந்தால் 112 ரூபாய் 50 காசு. கொஞ்ச நேரம் பேசவில்லை. "இத்தனை வருஷமா வாரியத்துக்குத்தான் கட்டியிருக்கோம் போல" என்று முனகினார். தனி வாசல், தனிச் சமையலறை உள்ள போர்ஷனுக்குத் தனி இணைப்பு கேட்கலாம். ஆனால் வழக்கமாக வீட்டுக்காரர் சம்மதம் கேட்பார்கள். அவரே விண்ணப்பம் கொடுத்தார். டெபாசிட்டை அவர் கட்ட, மாத வாடகையோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தோம். அதையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

மோட்டார் மட்டும் இன்றும் அவர் மீட்டரில்தான். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுத் தொங்குகிறது. போட்ட நேரம், அணைத்த நேரம் எழுத வேண்டும். அடிக்கடி எழுத மறப்பது வீட்டுக்காரர்தான்!