அதிவேக ரயிலும் நம் கோச்சியும்



இந்தியாவில் மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே 508 கிலோமீட்டர் தூரத்துக்கு அதிவேக ரயில் பாதை கட்டப்படுகிறது. மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்துக்குத் திட்டமிட்ட பாதை அது. கொழும்பிலிருந்து பதுளைக்கு 290 கிலோமீட்டர்தான். நம் கோச்சிக்கு ஒன்பது, பத்து மணித்தியாலம் பிடிக்கிறது. நமக்கும் அப்படியொரு ரயில் வராதா என்று இளைஞர்கள் கேட்பதில் தவறில்லை.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த வேகத்துக்குப் பாதை ஏறக்குறைய நேராக ஓட வேண்டும். நம் மலைப்பாதையோ ஒவ்வொரு முகட்டையும் சுற்றி வளைகிறது. 44 அடி போனால் ஓரடி ஏறும் இடங்களும் உண்டு. இதில் வேகத்தைக் கூட்ட முடியாது. புதிதாகக் குடைந்து கட்டவேண்டும். 2022இல் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடு இது. ஜப்பான் கடனுதவியோடு தொடங்கிய கொழும்பு இலகு ரயில் திட்டமே 2020இல் கைவிடப்பட்டது. ஆகவே அதிவேக ரயில் வாக்குறுதியோடு யார் மேடை ஏறினாலும், பணம் எங்கிருந்து வரும், பாதை யாருடைய லயத்தின் ஊடாகப் போகும் என்று நாம் கேட்கவேண்டும்.

இந்தப் பாதை 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் வந்தது. துரைமார் தோட்டத்து விளைச்சலைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்டது. இன்று கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் வீடு திரும்புவதும், கிளினிக் கொப்பியோடு நோயாளிகள் கண்டிக்குப் போவதும் இதில்தான். கோச்சி பிந்தினால் சுற்றுலாப் பயணிக்குப் படம் எடுக்க நேரம் கிடைக்கும். நமக்கு ஒரு பேர் போகும்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையகப் பாதை பல இடங்களில் மண்சரிவால் உடைந்தது. நமக்கு முதலில் வேண்டியது உடையாத பாதை.

நம் கோரிக்கைகள் இவை. சரிவுகளில் வடிகாலும் தடுப்புச் சுவரும் வேண்டும். ஆசனப் பதிவில்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டிகளைக் கூட்டவேண்டும். தீபாவளி, தைப்பொங்கல் காலங்களில் மேலதிக ரயில்கள் ஓடவேண்டும். தாமதத்தை நிலையங்களில் தமிழிலும் அறிவிக்கவேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்மார் இந்த மாதம் முழுவதும் கோச்சி பிந்திய நாளையும் நேரத்தையும், அதனால் யாருக்குப் பேர் போனது என்பதையும் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். அந்தக் கணக்கோடுதான் புகையிரதத் திணைக்களத்தின் கதவைத் தட்டப்போகிறோம்.