‘ஊற்றுதல்’ திரிந்த சொல்லா?

வேலந்தாவளம் சோதனைச்சாவடியைக் கடந்தால் சொற்பொருளும் தலைகீழாகிவிடும் என நம்புவோர் தமிழ்ப் புலமையுலகில் இன்றும் உள்ளனர். அவர்கள் காட்டும் முதற்சான்று ‘ஊற்று’. தமிழில் ஊற்றுதல் கலத்தில் நீர் பெய்தல். மலையாளத்தில் சோற்றை ஊற்றுதல் என்றால் கஞ்சியை வடித்தல். ‘தமிழ் மூலம், மலையாளம் திரிபு’ என்று தீர்ப்பெழுதிவிட்டு அகராதியை மூடிவிடுகின்றனர்.

தீர்ப்பு பிழையானது. ‘ஊறு’ தன்வினை, ‘ஊற்று’ அதன் பிறவினை. கசியச் செய்தல், ஒழுகச் செய்தல் என்பதே அடிப்பொருள். நீர் கலத்துக்குள் செல்கிறதா, கலத்தைவிட்டு நீங்குகிறதா என்பதை வேர் சொல்வதில்லை, வழக்கே சொல்கிறது. ‘குடத்து நீரைக் கீழே ஊற்றிவிடு’ என்னும் தமிழ்த் தொடரிலும் நிகழ்வது வெளியேற்றமே.

இது தனியொரு சொல்லின் விந்தையும் அன்று. தமிழர் தோசை வார்க்கின்றனர்; மலையாளிகள் சோறு வார்க்கின்றனர், அதாவது வடிக்கின்றனர். இதையும் திரிபென்போர் தொல்காப்பிய உரியியலைப் புரட்டட்டும். அங்கே வார்தல், போகல், ஒழுகல் மூன்றும் ஒரே நூற்பாவில் நிற்கின்றன. அவற்றுக்குரிய பொருள் நேர்மையும் நெடுமையும். கலத்தில் பெய்யும் கை அங்கே இல்லை. ‘கண்ணீர் வார’ என்னும் தமிழ் வழக்கிலும் நீர் வழிந்து நீங்கவே செய்கிறது.

இன்னொரு சான்று ‘ஓ’. மதகுநீர் தாங்கும் பலகை என்று இந்த ஓரெழுத்து ஒருமொழிக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பொருள் தருகிறது. மலையாளத்தில் ‘ஓவு’ என்பது நீர் வெளியேறும் வடிகால். தடுப்பதும் விடுவதும் ஒரே மதகின் இரு தொழில்கள். ஒரு தொழிலைத் தமிழும் மற்றதை மலையாளமும் காத்திருக்கக் கூடும். இதில் எது மூலம், எது திரிபு?

இது வெறும் சொல்லாராய்ச்சிச் சச்சரவு அன்று. வேலந்தாவளம் அமைந்துள்ள அதே சித்தூர் வட்டத்தின் பிளாச்சிமடையில், கோகோ கோலா ஆலைக்கு எதிராக 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் போராட்டம் தொடங்கினர். 2004 மார்ச்சில் ஆலை இயக்கத்தை நிறுத்தியது. நிலத்தடி நீரை உறிஞ்சி எடுப்பதை மலையாளம் ‘ஊற்றுதல்’ என்றே சொல்லும். அச்சொல்லைத் ‘திரிபு’ என்று ஒதுக்கிய தமிழ் ஆய்வாளர், கிணறு வற்றியவர்களின் முறையீட்டை நீர் ‘ஊற்றிய’ கதையாகவே படிப்பார்.

எல்லையோரத் தமிழ்க் குழந்தை ‘சோறு ஊற்றினேன்’ என்றால் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன், ஆசிரியர் இரு மொழி அகராதிகளையும் அருகருகே விரிக்கட்டும். எல்லைக்கோடு ஆட்சிக்கு உரியது. வேர்ச்சொல் அதற்குக் கட்டுப்பட்டதன்று.