ரெண்டு ஒயர், ஒரு சுவிட்ச், நாற்பது வருஷ அடம்

கீபோர்டு வாங்க வரும் குடும்பத்தை எந்த ஊர் இசைக்கருவிக் கடையிலும் பார்க்கலாம். அப்பா, அம்மா, எட்டாவது படிக்கும் பெண். டோன் எத்தனை, ரிதம் எத்தனை, தபலா இருக்கா, மிருதங்கம் இருக்கா என்று முக்கால் மணி நேரம் விசாரணை நடக்கும். பில் போடும் நேரத்தில் அந்தப் பெண் மெதுவாகக் கேட்கும்: "அங்கிள், கால்ல மிதிக்கிறது இதோடயே வருமா?" கடைக்காரர் நிமிராமலே பதில் சொல்வார்: "அது ஆக்சஸரி பாப்பா. இப்பத்தானே கத்துக்கறே, அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த "அப்புறம்" இருக்கிறதே, சண்டை அதோடுதான்.

முதலில் அந்தக் கால்மிதி என்ன செய்கிறது என்று பார்ப்போம். நிஜ பியானோவில் கட்டையிலிருந்து விரலை எடுத்ததும் ஒரு கம்பளித் துண்டு கம்பி மேல் வந்து உட்கார்ந்து சத்தத்தை நிறுத்திவிடும். பெடலை மிதித்தால் எல்லாக் கம்பளித் துண்டுகளும் ஒரே நேரத்தில் எழும்பிவிடும். விரல் அடுத்த இடத்துக்குப் போய்விட்டாலும் பழைய சத்தம் நிற்கும். லண்டனில் பியானோ செய்த ஜான் பிராட்வுட் 1783-லேயே பெடலுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அதாவது இருநூற்று நாற்பது வருஷமாக அந்த வாத்தியத்தின் ஒரு உறுப்பு அது. செருப்பை விற்றுவிட்டு வாரை ஆக்சஸரி என்று யாராவது சொல்வார்களா?

"ஆரம்பத்தில் தேவையில்லை" என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஐந்து விரலில் அடங்கும் பாட்டு, ஒற்றை ஒற்றை ஸ்வரமாக வாசிக்கும் சினிமாப் பாட்டு, கீதம், வர்ணம் இதுக்கெல்லாம் பெடல் வேண்டாம். ஆர்கன் டோனிலும் வேலையில்லை, மிதித்தால் கொழகொழவென்றுதான் ஆகும். ஆனால் பியானோ டோனில் இடது கை கீழே ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு மேலே கார்டுக்குத் தாவ வேண்டிய நாள் வரும். அன்றைக்குப் பெடல் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? சத்தம் அறுந்து போகாமல் இருக்க விரலை விரித்து, இழுத்து, கட்டையோடு ஒட்டவைத்துப் பிடிக்கும். மணிக்கட்டு இறுகும். "கை ஃப்ரீயா இல்லை, பிராக்டீஸ் பத்தலை" என்று வாத்தியார் சொல்வார். அம்மா வீட்டில் அதையே ரெண்டு மடங்காகச் சொல்வார். இல்லாத ஒரு பொருளுக்காகப் பிள்ளை திட்டு வாங்கும்.

"பேனல்லயே சஸ்டெய்ன் பட்டன் இருக்கே?" என்று ஒரு சமாதானமும் உண்டு. அந்தப் பட்டன் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரு வாலை ஒட்டிவிடும், அவ்வளவுதான். கார்டு மாறும்போது வாலை வெட்ட முடியாது. பெடலின் வித்தையே வெட்டுவதில்தான் இருக்கிறது. புது கார்டு விழும் அதே நொடியில் கால் எழும்பி, பழைய சத்தத்தைத் துடைத்துவிட்டு, உடனே மறுபடி இறங்க வேண்டும். இது காலுக்கு வர வேண்டிய பழக்கம். மூணு வருஷம் கழித்துப் பெடல் வாங்கித் தந்தால், கை ஆறாவது படியிலும் கால் எல்கேஜியிலும் இருக்கும்.

இனி கடையில் சொல்லப்படும் இரண்டாவது வாசகத்துக்கு வருவோம். சரி, அப்பா மனசு இரங்கிவிட்டார். "அப்ப ஒரு பெடலும் குடுங்க தம்பி." உடனே வரும்: "அதே கம்பெனி பெடல்தான் சார் செட் ஆகும். வேறது போட்டா உல்டாவா வேலை செய்யும்."

வேடிக்கை என்னவென்றால் இது பொய்யில்லை. உல்டாவாகத்தான் வேலை செய்யும். ஏன் என்பதில்தான் கதை இருக்கிறது.

சாதாரண சஸ்டெய்ன் பெடலுக்குள் இருப்பது காலிங் பெல் போல ஒரு சுவிட்ச். ரெண்டு ஒயர். அதைச் செய்ய ரெண்டு வழி. மிதிக்காதபோது இணைப்பு இருந்து, மிதித்தால் அறுபடுவது ஒன்று. மிதிக்காதபோது அறுந்திருந்து, மிதித்தால் இணைவது இன்னொன்று. எதிலும் ஒசத்தி தாழ்த்தி கிடையாது. யமஹா முதல் வழியில் செய்கிறது. வேறு சிலர் இரண்டாவது வழியில் செய்கிறார்கள். ஒருத்தர் பெடலை இன்னொருத்தர் கீபோர்டில் செருகினால் காலை எடுத்தால் சத்தம் நீளும், மிதித்தால் நிற்கும். பிளக் ஒரே பிளக், அதே கால் அங்குல ஜாக். தாராளமாக உள்ளே போகும். போன பிறகுதான் வம்பு.

இதே கம்பெனிகள்தான் 1983-ல் ஒரு பெரிய காரியம் செய்தவை. அதுவரை ஒரு கம்பெனி சிந்தசைசர் இன்னொரு கம்பெனி சிந்தசைசரோடு பேசாது. ரோலண்டின் இகுதாரோ காகேஹாஷியும் அமெரிக்காவில் சீக்வென்ஷியல் கம்பெனியின் டேவ் ஸ்மித்தும் முன்னால் நிற்க, யமஹா, கோர்க், கவாய் எல்லாம் சேர்ந்து மிடி என்ற பொதுமொழியை உண்டாக்கினார்கள். அந்த ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த நாம் கண்காட்சியில் ஒரு ப்ராஃபெட்-600-ஐயும் ஒரு ஜூபிடர்-6-ஐயும் கேபிளில் மாட்டி, ஒன்றில் வாசித்தால் மற்றதும் பாடுவதைக் காட்டினார்கள். அதற்காகவே 2013-ல் இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி கொடுத்தார்கள். இன்னொன்று கேளுங்கள். அந்த மிடி மொழியில் சஸ்டெய்ன் பெடலுக்கே ஒரு நம்பர் ஒதுக்கியிருக்கிறது: 64. வரும் மதிப்பு 63 வரை என்றால் கால் மேலே, 64-லிருந்து 127 வரை என்றால் கால் கீழே. உலகம் முழுக்க ஒரே பேச்சு.

போட்டிக் கம்பெனிகளின் வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேச ஒரு மொழியே உண்டாக்கத் தெரிந்தவர்களுக்கு, ரெண்டு ஒயர் சுவிட்ச் எந்தப் பக்கம் மூடணும் என்று மட்டும் இன்றுவரை ஒரு முடிவுக்கு வர முடியவில்லை! இதை நம்பச் சொல்கிறார்கள்.

காரணம் சதி என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. மாற்றினால் ஏற்கெனவே விற்ற லட்சக்கணக்கான பெடல்கள் என்னாவது என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் பிளஸ் ஒன் பொருளியலில் நிரப்புப் பண்டம் என்று ஒரு பாடம் உண்டு: காரும் பெட்ரோலும், பேனாவும் மையும். ஒன்றை வாங்கினால் இன்னொன்றை வாங்கியே ஆக வேண்டும். அந்த இன்னொன்று தன் கடையில் மட்டுமே பொருந்தும் என்றால் விற்பவருக்குக் கசக்குமா என்ன? குழப்பத்தைத் தீர்க்க யாருக்கும் அவசரமில்லை, ஏனென்றால் செலவு அவர்களுடையதல்ல.

செலவு யாருடையது? கல்யாண வரவேற்பு மேடையில் வாசிக்கும் மெல்லிசைக் குழு கீபோர்டு பிளேயருடையது. வாத்தியம் வாடகைக்கு வரும், பெடல் மட்டும் சொந்தம். அவசரத்தில் ஆன் ஆகியிருக்கும் கீபோர்டில் செருகுகிறார். முதல் கார்டு விழுகிறது, காலை எடுக்கிறார், கார்டு போக மாட்டேன் என்கிறது. அடுத்தது அதன் மேல், அதற்கடுத்தது அதன் மேல். பாடகர் திரும்பி முறைக்கிறார். நடுப்பாட்டில் ஆஃப் பண்ணி ஆன் பண்ணவா முடியும்? அன்று இரவு முழுக்க அவர் காலைத் தலைகீழாக வைத்து ஓட்டுவார். மேடைக்குக் கீழே யாருக்கும் காரணம் தெரியாது, "கீபோர்டு சரியில்லப்பா" என்பதோடு சரி.

இத்தனைக்கும் தீர்வு பெடலின் அடியிலேயே ஒரு சின்னத் தள்ளுசுவிட்ச். இந்தப் பக்கம் தள்ளினால் ஒரு வழி, அந்தப் பக்கம் தள்ளினால் மறுவழி. எம்-ஆடியோவின் எஸ்பி-2, நெக்டாரின் என்பி-2 போன்றவற்றில் இது ஆண்டுக்கணக்காக இருக்கிறது. அந்தத் தள்ளுசுவிட்ச்சுக்கு என்ன பெரிய செலவாகிவிடும்? அதனால் ஆன்-ஆஃப் பெடல் வாங்குபவர்கள் கம்பெனி பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். அடியில் சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால் "செட் ஆகாது சார்" என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

நேர்மையாகச் சொன்னால் ஒரு இடத்தில் கடைக்காரர் சொல்வது சரி. ஹாஃப் பெடல் என்று ஒன்று இருக்கிறது. கம்பளித் துண்டு கம்பியைப் பாதி தொட்டும் தொடாமலும் நிற்கும் நிலை. யமஹாவின் எஃப்சி3ஏ, ரோலண்டின் டிபி-10 எல்லாம் அதற்கானவை. டிபி-10-ல் வேண்டுமானால் வெறும் ஆன்-ஆஃபாகவும் மாற்றிக்கொள்ளலாம். இந்த வகையில் உள்ளே இருப்பது வெறும் சுவிட்ச் இல்லை, கால் எவ்வளவு இறங்கியது என்று அளந்து சொல்லும் சமாசாரம். பிளக்கைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரியும்: ஆன்-ஆஃப் பெடலுக்கு நுனியில் ஒரு கறுப்பு வளையம், இதற்கு ரெண்டு. ஒயர் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் இங்கே அதே கம்பெனி வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் அதே கடைக்காரர் சொல்ல மறப்பது ஒன்று. கீபோர்டுக்கு அதைக் கேட்கும் காது இருக்க வேண்டும். ரிதம், ஸ்டைல் எல்லாம் வரும் ஆரம்ப விலை கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தெரிந்தது ஆன், ஆஃப் ரெண்டே ரெண்டுதான். அதில் போய் பளபளவென்று பியானோ பெடல் போலவே இருக்கிறதே என்று விலை உயர்ந்த ஹாஃப் பெடலைச் செருகினால், அது அதே சதுர பிளாஸ்டிக் பெடல் செய்யும் வேலையைத்தான் செய்யும். மறுபக்கம், காசியோவின் பிஎக்ஸ்-எஸ்1000 (2019-ல் வந்தது) டிஜிட்டல் பியானோவைப் பாருங்கள். பாதி மிதியைப் புரிந்துகொள்ளும் அறிவு அதற்கு உண்டு. ஆனால் பெட்டிக்குள் வருவது எஸ்பி-3 என்ற சின்ன ஆன்-ஆஃப் கட்டை. எஸ்பி-34 என்ற மூணு பெடல் செட்டைத் தனியாக வாங்கினால்தான் அந்த அறிவு வெளியே வரும். காது கொடுத்துவிட்டுப் பஞ்சும் வைத்து அனுப்புகிறார்கள்.

ஆகவே பெடலைத் தேர்ந்தெடுக்கும் இடம் கீபோர்டின் முதுகு. அங்கே ஓட்டை இருக்கிறதா (காசியோவின் எஸ்ஏ வரிசைக் குட்டிகளில் அதுவும் கிடையாது), அந்த ஓட்டைக்கு என்ன புரியும் என்று மேனுவலின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கடையிலேயே போனில் மேனுவலை இறக்கிப் பார்த்துவிடலாம், அஞ்சு நிமிஷ வேலை.

அதற்கடுத்து கனம். நம் வீடுகளில் டைல்ஸ் தரை, வெறுங்கால். அந்தச் சதுர பிளாஸ்டிக் கட்டை ரெண்டு மிதியில் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். கால் அதைத் துரத்திக்கொண்டு போகும். அடியில் ரப்பர் பிடிப்பும் நல்ல கனமும் உள்ளது நகராது. பழைய சைக்கிள் ட்யூப் துண்டு, மிதியடி எல்லாம் போட்டுச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள், ஓரளவு நிற்கும். கீபோர்டைத் தரையில் வைத்துச் சப்பணம் போட்டு வாசிக்கும் வீடுகளில் எந்தப் பெடலும் உதவாது, முதலில் ஸ்டாண்டு வாங்குங்கள் சாமி.

பெட்டியின் மேல் "600 டோன்" என்று கொட்டை எழுத்தில் போட இடம் இருக்கிறது. "பெடல் உள்ளே இல்லை, ஓட்டைக்கு ஆன்-ஆஃப் மட்டும் தெரியும், இந்த வகை சுவிட்ச்" என்று ஒரு வரி போட இடமில்லையா?

பி.கு: வீட்டில் ஏற்கெனவே தலைகீழ் பெடல் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கீபோர்டை அணைத்து, பெடலைச் செருகி, காலை முழுசாக எடுத்துவிட்டு, பிறகு ஆன் செய்யுங்கள். ஆன் ஆகும் நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதைத்தான் பல கீபோர்டுகள் "மிதிக்காத நிலை" என்று எடுத்துக்கொள்கின்றன. ஆன் செய்யும்போது தெரியாமல் கால் வைத்திருந்தால் நல்ல பெடலும் உல்டாவாகிவிடும் என்பதும் இதே கணக்குத்தான்.