இரகசியம் யாருடையது?

மடியிற் கனமில்லாதவனும் வழக்கென்று வந்துவிட்டால் சட்டத்தரணியை நாடியே தீரவேண்டும். அவரிடம் அவன் ஒளிவுமறைவின்றிப் பேசுதற்கு அரணாய் நிற்பது 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம். கட்சிக்காரன் சொன்னதை அவனது வெளிப்படையான சம்மதமின்றி வெளியிடலாகாதென அதன் 126ஆம் பிரிவு விதிக்கின்றது. சட்டவிரோத நோக்கத்தை நிறைவேற்றுதற்காகப் பேசிய பேச்சுக்கு மட்டும் இக்காப்பில்லை. அப்புக்காத்தும் பிரக்கிராசியும் 1974இல் ஒரே வகுப்பினரான பின்னரும் இவ்விதி நிலைத்தே நிற்கின்றது.

ஆனால், கட்சிக்காரன் மனிதனாக அன்றிக் கம்பனியாக இருப்பின்? கம்பனிக்கு வாயில்லை, ஊழியரே அதன் வாய். அவர்கள் சொல்லும் இரகசியம் யாருடையது? அப்பிரிவு இதற்கு நேர்விடை தரவில்லை.

அமெரிக்க உயர் நீதிமன்றம் 1981இல் அப்ஜோன் என்னும் மருந்துக் கம்பனியின் வழக்கில் இதனை ஆராய்ந்தது. வெளிநாட்டு அரசாங்கங்களின் அலுவலர்க்குக் கொடுக்கப்பட்ட பணம் பற்றிக் கம்பனியின் சட்டத்தரணிகள் ஊழியரை விசாரித்துப் பெற்ற விடைகளை வரிப்பகுதி கேட்டது. மேலிடத்தார் பேச்சுக்கு மட்டுமன்றி, கீழ்நிலை ஊழியர் பேச்சுக்கும் காப்புண்டென நீதிமன்றம் தீர்த்தது. இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றமோ 2003இல் திரீ றிவர்ஸ் வழக்கில், ஆலோசனை பெறும் பொறுப்புடைய சிலரையே கட்சிக்காரரெனக் கொண்டது.

இரண்டு வழியிலும் ஒன்று தெளிவு. அக்காப்பு கம்பனியினது, ஊழியனதன்று. கம்பனி நாளை அதனைக் கைவிட்டு, அவன் சொன்னதையே பொலிசாரிடம் ஒப்படைக்கலாம்.

மானிப்பாயிலிருந்து வங்கிக்கும் காப்புறுதிக் கம்பனிக்கும் வேலைக்குச் செல்லும் எமது பிள்ளைகள் இதனை அறிவார்களா? "எங்கட லோயர்தான், பயப்படாமற் சொல்லும்" என்று மேலாளர் அழைத்ததும் மனந்திறப்பவன், தன் உத்தியோகத்தையும் சிலவேளை தன் சுதந்திரத்தையுமே பணயம் வைக்கின்றான்.

அமெரிக்காவில், "நான் கம்பனியின் சட்டத்தரணி, உமது சட்டத்தரணியல்லேன், காப்பைக் கைவிடும் உரிமை கம்பனிக்கே உண்டு" என விசாரணைக்கு முன் எச்சரிப்பது வழக்கமாயிற்று. 1988ஆம் ஆண்டின் சட்டத்தரணிகள் ஒழுக்க விதிகளில் இக்கடமையை ஐயத்துக்கிடமின்றி எழுதுதல் வேண்டும். எச்சரித்தால் ஊழியர் வாய்மூடுவர், உண்மை புதைந்துபோகும் என்பார் சிலர். அறியாமையைக் கருவியாக்கிப் பெறும் உண்மை நீதிக்கு அழகன்று. ஒருமுறை ஏமாந்த ஊழியர் மறுமுறை வாய்திறக்கவும் மாட்டார்.

விதி வரும்வரை தொழிற்சங்கங்கள் வாளாவிருத்தல் தகாது. கம்பனியின் சட்டத்தரணி கம்பனிக்கே உரியவர் என்பதையும், குற்றச்சாட்டுக்கு இடமுண்டெனத் தோன்றினால் தனக்கென ஒருவரை முதலில் கலந்துகொள்ள வேண்டும் என்பதையும் ஒவ்வோர் ஊழியனுக்கும் உணர்த்துவது அவற்றின் கடன்.