வாயில்லா ஜீவனுக்குப் பச்சைக் கறி வேண்டாமே!

நாய் வளர்க்கிற வீடுகளில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. "நாய் ஓநாய் வம்சம். சோறு அதுக்கு ஆகாது. பச்சைக் கறியும் எலும்பும் போட்டாத்தான் முடி பளபளக்கும், சீக்கு வராது" என்கிறார்கள். ஆஸ்திரேலியக் கால்நடை டாக்டர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு வெளிநாடுகளில் பரவிய பழக்கம் இது. பட்டணத்தில் பணம் கொடுத்துச் செய்கிறார்கள். கிராமத்திலோ கோழிக்கடைக் கழிவையும், ஆடு வெட்டிய இடத்துக் குடலையும் அப்படியே நாய்க்கு வீசுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான்.

ஓநாய் வம்சம் என்பது நிஜம்தான். ஆனால், ஆயிரக்கணக்கான வருஷமாக மனுஷனோடு சேர்ந்து சாப்பிட்டு நாயின் வயிறே மாறிவிட்டது. மாவுச்சத்தை ஜீரணிக்கிற மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம் என்று ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் கண்டுபிடித்தார்கள். ஆகவே, சோறு நாய்க்கு விஷமில்லை. அதற்காக வெறும் ரசம் சோறே போதும் என்றும் சொல்லவில்லை. அதற்குக் கறியும் முட்டையும் வேண்டும். வேகவைத்துக் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பச்சைக் கோழிக்கறியில் 'சால்மோனெல்லா' போன்ற கிருமிகள் இருக்கலாம். ஃப்ரீசரில் வைத்தாலும் அவை சாகாது. நாய் திடமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் எச்சிலிலும் மலத்திலும் கிருமி வெளியே வரும். அதே வாயால் அது குழந்தையின் கையை நக்கும். அந்தக் கறியை நறுக்கிய அரிவாள்மணையில்தான் அடுத்து நாம் காய் நறுக்குவோம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லேயே பச்சை இறைச்சி கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

ஆடு, மாட்டு ஈரல், நுரையீரலில் இன்னொரு ஆபத்து உண்டு. அவற்றில் நீர்க்கட்டி இருந்து, நாய் அதைப் பச்சையாகத் தின்றால், அதன் குடலில் ஒரு வகை நாடாப்புழு வளரும். முட்டைகள் மலத்தோடு வெளியேறி மண்ணிலும் முடியிலும் ஒட்டும். வாசலில் விளையாடுகிற பிள்ளை கை கழுவாமல் சாப்பிட்டால் முட்டை வயிற்றுக்குள் போய்விடும். பிறகு ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி வளரும். பல வருஷம் வெளியே தெரியாது. தெரியும்போது ஆபரேஷன் வரை போகும்.

இத்தனைக்கும் பரிகாரம் நம் அடுப்பிலேயே இருக்கிறது. கறியைத் துண்டாக்கி, எலும்பை நீக்கி, அரிசியோடு குக்கரில் போட்டால் முடிந்தது. உப்பு, காரம் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தையே கெடுக்கும். மிஞ்சின குழம்பை ஊற்றாதீர்கள். வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும், அதையும் போடாதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, தவறாமல் பூச்சி மாத்திரை கொடுங்கள்.

நாய் வளர்க்க ஆசைப்படுவது வீட்டில் யாராக இருந்தாலும், சோறு வைப்பதும் வாசல் பெருக்குவதும் பெரும்பாலும் நாம்தான். எனவே, தட்டில் என்ன விழ வேண்டும் என்பதையும் நாமே முடிவு செய்வோம், சகோதரிகளே!

- ஒரு வாசகி, பழையசீவரம்.